கடுக்காய்க்கு அகணி நஞ்சு

ரெனால்ட் அழைத்தபோது பிரிசில்லா மாணவர்களுக்குக் கண்ணாடிக் குவளை துடைக்கக் கற்பித்துக்கொண்டிருந்தாள். வேலூரில் உணவக மேலாண்மை பயிற்றும் கல்லூரியொன்றில் பானங்களைப் பரிமாறும் பாடம் அவளுடையது. கைபேசித் திரையில் பெயரைக் கண்டதும் துணியை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"பிரிசி, நான்தான். கட் பண்ணிடாத."

"சொல்லு."

"சனிக்கிழமை மத்தியானம் ஆம்பூர்ல ஒரு டேஸ்டிங். பெங்களூர் கம்பெனி ஆளுங்க வர்றாங்க. ஊத்திக் குடுக்க ஒரு பொண்ணை ஏற்பாடு பண்ணியிருந்தேன், கடைசி நேரத்துல வரலன்னுட்டா. ஒரே பேஜாரா இருக்குது. நீ வந்தியானா நல்லா இருக்கும். உன் கையால ஊத்தினா அது வேற மாதிரி பேசும்."

"ஊத்தறதுக்கு மட்டும்தானா?"

"ஊத்தணும். மூக்குல இன்னா வருது, நாக்குல இன்னா வருதுன்னு சொல்லணும். மத்ததெல்லாம் நான் பேசிக்கறேன்."

"வர்றேன்."

இத்தனை எளிதில் இசைவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. "பழசெல்லாம் மனசுல வெச்சுக்கலையே?" என்று கேட்டான்.

"வெச்சுக்க எங்க இருக்குது இடம்," என்றாள்.

கோடையில் பாலாற்றைக் காண்பவர்கள் அதை வறண்ட ஆறு என்பார்கள். மணலைக் கையால் அகழ்ந்தால் அடியில் ஈரம் கசியும். பிரிசில்லாவின் மௌனமும் அவ்வகைப்பட்டதே. அடியில் ஊறிக் கிடந்தது மட்டும் நீரன்று.

கோவாவில் ஒரு வடிசாலையில் அவள் கலவை வல்லுநராக இருந்தவள். ஜூனிபர் என்னும் குளிர்நாட்டுக் காயின் மணமேற்றி வடிப்பது ஜின். வடித்த பிறகு அதை மசாலாப் பொருள்களில் ஊறவைத்துப் பொன்னிறம் ஏற்றினால் அது மசாலா ஜின். ஏலமும் கிராம்பும் பட்டையும் போட்டு உலகெங்கும் செய்கிறார்கள். இனிப்பும் கார்ப்பும் கைப்பும் அதில் வந்து அமர்ந்தன. துவர்ப்புக்கு மட்டும் எவரும் இலை போடவில்லை. அதைக் கொண்டுவந்தவள் பிரிசில்லா. கடுக்காய்த் தூளை ஜின்னில் ஊறவிட்டு, சுக்கையும் ஏலத்தையும் ஜாதிபத்திரியையும் அதற்குத் துணை நிறுத்தினாள். முதல் மிடறில் நா உள்ளே சுருங்கும். பின்னர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் தண்ணீரே தித்திக்கும். அந்தத் தித்திப்புக்காகவே அவள் ஆண்டுக்கணக்கில் உழைத்தாள். செவிலியரும் ஆசிரியரும் நிறைந்த அவள் குடும்பத்தில் சாராயம் காய்ச்சுகிறாள் என்று சொல்லிச் சிலர் அவள் வீட்டு விசேஷங்களுக்கே வராமல் போனார்கள். அதையும் பொறுத்தாள்.

ரெனால்ட் அவளோடு வேலூரில் வேதியியல் படித்தவன். ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வைத்திருக்கும் குடும்பம். கோவாவுக்கு வரும்போதெல்லாம் அவள் சமையலறையில் அமர்ந்து சுவைத்தான். இருவரும் சேர்ந்து விற்பது என்று பேச்சு. அவளுடைய தாய் பக்கவாதத்தில் விழ, பிரிசில்லா வேலையை விட்டு வேலூருக்கு வந்து கட்டிலருகே அமர்ந்திருந்த காலத்தில், அவன் கோவாவிலேயே வேறொரு வடிசாலையில் அதே சரக்கைச் செய்வித்துத் தன் பெயரில் வெளியிட்டான். 'ஓல்ட் குடோன்' என்பது அதன் பெயர். புட்டியின் மேல் தொப்பி அணிந்த ஒரு கிழவரின் படம். அவர் ரெனால்டின் பாட்டனாம்; வெள்ளைக்காரன் காலத்துத் தோல் கிடங்கில் காவலராயிருந்து, துரையின் வயிற்று வலிக்கு அவனுடைய ஜின்னில் கடுக்காய் போட்டுக் கொடுத்தாராம்; அந்தக் குடும்ப இரகசியம் இப்போது புட்டியில் வருகிறதாம்.

அவள் கூப்பிட்டுக் கேட்டபோது அவன் சிரித்தான். "கடுக்காய் எங்க ஊர்ல தெருவெல்லாம் கெடக்குது பிரிசி. அதுக்கு நீ பட்டா வாங்கி வெச்சிருக்கியா?"

ஒருவனை ஏமாற்றிவிட்டுப் போவதைக் கடுக்காய் கொடுத்தல் என்பது தமிழ் வழக்கு. அவளுக்கு அவன் கடுக்காய் கொடுத்ததை வேலூரில் அறிந்தவர்கள் அப்படியே சொல்லிச் சிரித்தார்கள். அது சிலேடையென்று உணர்ந்து இன்னும் ஒரு முறை சிரித்தார்கள். பழியைக் கடவுளிடம் விட்டுவிடு என்று தாய் கோணிய வாயால் குழறினாள். பிரிசில்லா தலையசைத்துவிட்டு, தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வழக்கு வேண்டாம், பங்கு வேண்டாம். ஒரு வாக்கியம் வேண்டும். அவன் வாயால், சுவையறிந்த பிறர் கேட்க: இது பிரிசில்லா செய்தது. அதை அவன் தொண்டையிலிருந்து பறிப்பது எப்படி என்றே உமிக்குள் இட்ட தீயாய் எண்ணிக்கொண்டிருந்தாள். இப்போது அவனே வாசலைத் திறந்து, உள்ளே வந்து ஊற்று என்கிறான்.

முதலில் தோன்றியது சிறுமையான உபாயம். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும். இரும்புக் கசிவுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் பனிக்கட்டி செய்து குவளையில் இட்டால், விருந்தினர் கண்முன்னே பொன்னிறம் மையாகிவிடும். ஆனால் அந்த அறையில் தோல்காரர்கள் இருப்பார்கள். கடுக்காயில் பதனிட்ட தோலில் ஓர் ஆணி பட்டால் விழும் கறையைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பார்த்தவுடன் இரும்பு என்று சொல்லிச் சிரித்துவிடுவார்கள். அன்றியும் கறுப்பது அவள் பெற்ற பிள்ளையின் முகமாயிற்றே. அந்த எண்ணத்தைத் தள்ளினாள். கோவாவில் தன் கையால் செய்தவற்றில் மிஞ்சியிருந்த ஒரே புட்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆம்பூர் பேருந்தில் ஏறினாள். வேறு ஆயத்தம் அவளிடம் இல்லை.

தொழிற்சாலையை ஒட்டிய விருந்தினர் மாளிகையின் மாடியில் கூடம். ஜன்னலைச் சாத்தியிருந்தும் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியின் வாடை மெல்ல ஏறிவந்தது. மாளிகையைப் பார்த்துக்கொள்ளும் சுப்பராயன் நீண்ட மேசைமேல் வெள்ளை விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஊதுவத்தி கொளுத்தட்டுமாம்மா? நாத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா கீது."

"வேணாண்ணா. மூக்குக்கு வேலை இருக்குது. ஊதுவத்தி வெச்சா அது கெட்டுடும்."

"இந்த ஊர்ல மூக்குக்கு இன்னா வேலைம்மா. நாங்கல்லாம் அதைக் கழட்டி வெச்சு ரொம்ப நாளாச்சு," என்றபடி அவர் நாற்காலிகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக ஒரே வரிசையில் போட்டார்.

ரெனால்ட் புதுச் சட்டையில் வந்தான். அவளைக் கண்டதும் கைகளை விரித்தான். அவள் குவளைகளை ஒளிக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததால் விரித்த கைகளை மடக்கிக்கொண்டான்.

"அவங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு சொட்டு பாரேன். புது பேட்ச். எனக்கு என்னமோ கொஞ்சம்..." வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை.

அவள் ஊற்றினாள். நிறம் அவளுடையதைவிட ஒரு சாயல் இருண்டிருந்தது. முகர்ந்தாள். ஜூனிபர் முன்னே வந்தது, ஏலம் வந்தது, சுக்கு வந்தது. பின்னால், யாரும் அழைக்காத விருந்தாளியாய், மூடிக் கிடந்த அறையின் நாற்றம் ஒன்று நின்றது. மூட்டைப்பூச்சி மருந்தை ஒத்த காரம். அரைத்துளியை நாவின் நுனியில் தொட்டாள். துவர்ப்பு வந்தது. அதன் பின்னால் தித்திப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு கைப்பு வந்து தொண்டையை இறுக்கியது. அதைக் கைக்குட்டையில் துப்பினாள்.

அவளுக்கு விளங்கிவிட்டது. சுக்குக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு என்பது நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர்கூடச் சொல்லும் வாக்கு. அகணியான உள்கொட்டையை உடைத்தெறிந்து சதையை மட்டுமே மருந்துக்குக் கொள்வார்கள். அவளும் அப்படியே செய்தாள். ஆனால் ரெனால்ட் அவள் சமையலறையில் பார்த்தது ஜாடியில் இருந்த தூளை மட்டும். அவன் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கடுக்காய் என்றால் தோலுக்குப் போடுவது. கொட்டையும் சதையுமாக இடித்து மூட்டையில் வருவது. மாட்டுத்தோல் அகணியென்றும் புறணியென்றும் பார்ப்பதில்லை. வேறு ஊரில் பிறந்த திருடன் மருந்துக் கடையைத் தேடிப் போயிருப்பான். இவன் ஆம்பூர்க்காரன், கொல்லைப்புறத்துக்குப் போயிருக்கிறான்.

"கடுக்காய் எங்க வாங்கின?" என்று கேட்டாள்.

"வாங்கறதா? எங்க குடோன்லயே இருக்குதே. இங்கிருந்துதான் கோவாவுக்கு மூட்டை போட்டேன்." பெருமையாகச் சொன்னான். "ஏன், சரியா இல்லையா?"

ஒரு சொல் போதும். நிறுத்து, இதை ஊற்றாதே என்று ஒரு சொல். அவன் முகத்தில் உண்மையான அச்சம் இருந்தது. கல்லூரித் தேர்வுக்கு முந்தைய நாள்களில் அவள் வாசலில் வந்து நிற்பானே, அந்தப் பழைய முகம். அந்த முகத்தை அவள் நன்றாகப் பார்த்தாள். பார்த்தும் மனம் இளகவில்லை.

"கடுக்காய்ன்னா அப்படித்தான் இருக்கும்," என்றாள். "ஆனா இந்தக் குடோன் விஷயத்தை அவங்ககிட்ட மறக்காம சொல்லு. வெளியூர்க்காரங்களுக்கு இந்த மாதிரி கதைன்னா உசுரு."

அவன் முகம் தெளிந்தது. "அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்," என்றான்.

பெங்களூர்க்காரர்கள் இருவர் வந்தார்கள். ஷாஜின், 'ஓல்ட் குடோனை' எடுத்து விற்க எண்ணியிருந்த அந்த நிறுவனத்தின் சுவைப் பிரிவுத் தலைவர். நரைத்த தாடி, குறைவான பேச்சு. அக்சா, உணவுப் பாதுகாப்பு விதிகளைக் கவனிப்பவள்; எதையும் பாதி புன்னகையோடு கேட்கும் இளம்பெண். அவர்களோடு பக்கத்துத் தொழிற்சாலை உரிமையாளர் ஆபித் பாஷா. ரெனால்டின் தந்தைக்கு நண்பர்; ஊரில் மதிப்புள்ளவர் என்பதால் அழைக்கப்பட்டிருந்தார்.

"நமக்கு இதெல்லாம் ஆகாதும்மா," என்று நாற்காலியில் அமர்ந்தபடியே பிரிசில்லாவிடம் சொன்னார். "இவன் அப்பனும் நானும் தோஸ்த். வந்து ஒக்காந்தா போதும் சித்தப்பான்னான். வந்து ஒக்காந்துட்டேன்."

"உங்களுக்கு நன்னாரி சர்பத் வெச்சிருக்கேன் பாய்."

"அதுல கலந்து கிலந்து வெச்சுடப் போற."

"கலந்தா உங்களுக்கு ஏன் பாய் குடுக்கறேன். நானே குடிச்சுடுவேன்."

அக்சா சிரித்தாள். ஷாஜின், அக்சா, ரெனால்ட், ஆபித் பாஷா என்று வரிசையாக அமர்ந்தார்கள். பிரிசில்லா மேசையின் மறுபுறம் நின்றாள். வாய் குறுகிய சிறு குவளைகளில் மூவருக்கு மட்டும் விரற்கடை அளவு 'ஓல்ட் குடோன்' ஊற்றினாள், பாஷாவுக்குச் சர்பத்.

"முதல்ல கண்ணு, அப்புறம் மூக்கு, கடைசியிலதான் நாக்கு," என்றாள். "நான் சொல்ற வரைக்கும் யாரும் வாயில வைக்க வேணாம்."

பகலும் அல்லாத இரவும் அல்லாத வேளையை, உள்ளும் அல்லாத புறமும் அல்லாத வாசற்படியைத் தேர்ந்துகொண்டது சோளிங்கர் மலைமேல் வீற்றிருக்கும் நரசிங்கத்தின் சினம். முகர்தலுக்கும் பருகுதலுக்கும் நடுவே ஒரு படி உண்டு. பிரிசில்லா அந்தப் படியில் நின்றாள்.

ஷாஜின் கண்ணை மூடி முகர்ந்தார். இரண்டாம் முறையும் முகர்ந்தார். "முன்னாடி வர்றது அழகா இருக்கு. கடைசியில ஒண்ணு வருது. அது என்னது?"

"அது கடுக்காய் சார். ஆனா அதோட கதையை ரெனால்ட் சார்தான் சொல்லணும். அவங்க குடும்பச் சொத்து."

ரெனால்ட் இதற்காகவே காத்திருந்தவன்போல் நிமிர்ந்தான். பாட்டனைச் சொன்னான். துரையின் வயிற்று வலியைச் சொன்னான். மழை நாளொன்றில் கிடங்கின் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் புட்டியில் போட்ட கதையை, அருகே நின்று பார்த்தவனாகச் சொன்னான். ஆபித் பாஷா சர்பத்தை உறிஞ்சிக்கொண்டே, "உன் தாத்தா வண்டி ஓட்டினாருன்னு இல்ல உங்கப்பன் சொல்வான்," என்றார்.

"அது அப்புறம் சித்தப்பா. முதல்ல குடோன்."

"அப்படியா. எனக்கு ஞாபகம் கம்மியாயிட்டு வருது."

"அந்தக் குடோன் இன்னும் இருக்குதா சார்?" என்று பிரிசில்லா பணிவாகக் கேட்டாள். மாணவர்களின் முன்னே பயன்படுத்தும் குரல் அது.

"இருக்குதாவா? ஜன்னல் வழியா பாருங்க. அதோ, அந்த ஓட்டுக் கட்டடம். ஒரு செங்கல்லைக்கூட நாங்க மாத்தல."

"இப்பவும் தோலுக்கான கடுக்காய் அங்கதான் வருதா?"

"அங்கதான்."

"அப்ப இந்தப் பாட்டில்ல இருக்கிற கடுக்காய்?"

"அதே குடோன், அதே மூட்டை." மேசையை விரலால் தட்டிச் சொன்னான். "அதுதான் மேட்டரே. கடையில வாங்கற கடுக்காயை யாரு வேணா போடலாம். தாத்தா கை வெச்ச எடத்துலேர்ந்து வர்றது இது ஒண்ணுதான்."

அக்சா உதட்டருகே கொண்டுபோன குவளையை மெல்ல இறக்கி வைத்தாள். பாதி புன்னகை அப்படியே இருந்தது. "தோல் பதனிடறதுக்கு வர்ற கடுக்காயா இதுல இருக்கு?"

"ஒரே கடுக்காய்தாங்க. மரத்துல ரெண்டு விதமா காய்க்குது?"

"மரத்துல இல்ல. மூட்டையில. அது சாப்பாட்டுக்குன்னு வர்ற சரக்கு இல்லையே. பக்கத்துல என்னென்ன வெச்சிருப்பீங்க?"

ரெனால்ட் வாயைத் திறப்பதற்குள் ஆபித் பாஷா கள்ளமில்லாமல் உதவிக்கு வந்தார். "அதெல்லாம் சுத்தமா வெச்சுப்பான்மா. மழைக்கு முன்னாடிகூடக் குடோன் பூராவும் பூச்சி மருந்து அடிச்சான். நான்தானே ஆளுங்களை அனுப்பினேன். ஒரு மூட்டை விடல."

கீழே தோல் சுழலும் பெரும் பீப்பாய்களின் ஓசை மட்டும் தரையின் வழியே ஏறிவந்தது. ஷாஜின் தம் குவளையை இன்னொரு முறை மூக்கருகே கொண்டுபோய், தாம் முகர்ந்தது இன்னதென்று இப்போது அறிந்தவராய்த் தலையசைத்தார். பிறகு அதை விரிப்பின் விளிம்புக்குத் தள்ளி வைத்தார்.

ரெனால்டின் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. கதை பொய் என்று சொல்லலாம். அல்லது கதையோடு மூழ்கலாம். நீந்தத் தெரியாதவன் அருகில் நிற்பவரின் தலையைப் பற்றி அழுத்தித் தான் மேலே வருவான். அவன் மூன்றாவதாக அதைச் செய்தான்.

"இங்க பாருங்க, நான் தோல்காரன். எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?" என்றான். விரல் பிரிசில்லாவை நோக்கி நீண்டது. "இதைச் செஞ்சது இவங்க. பிரிசில்லா. கடுக்காய் போடறது இவங்க ஐடியா. எவ்ளோ போடணும், எத்தனை நாள் ஊறணும், எல்லாமே இவங்க சொன்னது. தப்பு இருந்தா அவங்களைத்தான் கேக்கணும்."

வந்துவிட்டது. இத்தனை காலம் அவள் இரவும் பகலும் கேட்க விரும்பிய வாக்கியம், குற்றச்சாட்டின் உடையுடுத்தி வந்து நின்றது. உடையைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அவள் மேசைமேல் இரு கைகளையும் ஊன்றிச் சற்றே முன்னால் சாய்ந்தாள்.

"இன்னொரு தரம் சொல்லு ரெனால்ட்," என்றாள். 'சார்' போய்விட்டிருந்தது. "ஷாஜின் சார் காதுல விழுந்ததோ இல்லையோ."

"எனக்கு விழுந்தது," என்றார் ஷாஜின்.

"இருக்கட்டும் சார். அவர் சொல்லட்டும். யாரு செஞ்சது?"

ரெனால்ட் அவளைப் பார்த்தான். தான் எதைக் கையளித்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரியத் தொடங்கியது. திரும்ப வாங்க வழியில்லை. வாங்கினால் பூச்சி மருந்து அவன் தலையில் விழும். "நீதான் செஞ்சே," என்றான்.

"தாத்தா?"

ஆபித் பாஷா அவனையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "வண்டிதான் ஓட்டினாரு," என்று தமக்குள் சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார்.

"அவர் சொன்னது சரி," என்று பிரிசில்லா பெங்களூர்க்காரர்களிடம் திரும்பினாள். "கடுக்காயை ஜின்ல போட்டது நான். கோவாவுல, என் அடுப்படியில. ஆனா இந்தப் பாட்டில்ல இருக்கிறது என்னுது இல்ல. நான் கொட்டையை எடுத்துட்டு சதையை மட்டும் போடுவேன். இவருக்கு அது தெரியாது. ஏன்னா நான் கொட்டை எடுக்கற அன்னைக்கு இவர் வரல. ஊறினப்புறம் குடிக்கத்தான் வந்தாரு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, இதுல இருக்கிறது?" என்று கேட்டாள் அக்சா. இப்போது புன்னகை முழுமையாக மறைந்திருந்தது.

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் எங்களுக்கு ஊத்தினீங்க."

"ஊத்தினேன். வாயில வைக்கச் சொல்லல."

அக்சா அதைச் சிறிது நேரம் எடைபோட்டாள். அவளுக்கு அந்த விடை பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் அதில் பொய்யில்லை என்பதை ஏற்றுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். பிரிசில்லா வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. செய்தது செய்ததுதான்.

சுப்பராயனைக் கூப்பிட்டாள். அவர் வந்து, மேசையில் இருந்த பழைய குவளைகளையெல்லாம் எடுத்துச் சென்றார். ஆளுக்கொன்றாக நான்கு புதிய குவளைகளை வரிசையில் வைத்தார். பிரிசில்லா பையிலிருந்து துணியைப் பிரித்துத் தன் புட்டியை எடுத்தாள். அதன்மேல் பெயரில்லை, படமில்லை. உள்ளே இருந்தது மட்டும் ஜன்னல் வெயிலை வாங்கித் தேன்போல் நின்றது.

"இது அதே பொருள். கொட்டை இல்லாம," என்றாள்.

ஷாஜினின் குவளையில் ஊற்றினாள். அவர் நெடுநேரம் முகர்ந்தார். பிறகு ஒரு மிடறு வாயில் வைத்துக் கன்னங்களுக்குள் உருட்டினார். அவர் முகம் சுருங்கியது; துவர்ப்பு பிடித்திருந்தது. அவள் தண்ணீரை நீட்டினாள். அவர் குடித்தார். குடித்துவிட்டு, தண்ணீரில் யாரேனும் எதையேனும் கலந்துவிட்டார்களோ என்று பார்ப்பவராய்க் குவளையைத் தூக்கிப் பார்த்தார்.

"வெறும் தண்ணிதான் சார்."

"தெரியுது," என்றார். மறுபடியும் ஜின்னை ஒரு மிடறு, மறுபடியும் தண்ணீர். கேள்வி எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தம் முகவரி அட்டையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "அடுத்த வாரம் பெங்களூர் வர முடியுமா? உங்க பேர்லயே பேசலாம்."

"வர்றேன் சார்."

அக்சாவின் குவளையில் ஊற்றினாள். அக்சா முதலில் கேட்டாள்: "கடுக்காய் எங்க வாங்கினது?"

"வேலூர் பஜார்ல, நாட்டு மருந்துக் கடையில. நீங்க கூட வந்தா கடையைக் காட்டறேன்."

"வருவேன்," என்றாள் அக்சா. விளையாட்டாகச் சொல்லவில்லை.

அடுத்தது ரெனால்டின் குவளை.

அவன் அதைத் தன்னையறியாமல் ஒரு விரல் முன்னால் நகர்த்தியிருந்தான். கோவாவின் சமையலறையில் முதன்முதலில் இது சரியாக வந்த நாளில், உலகத்திலேயே அவளுக்கு அடுத்ததாக இதைச் சுவைத்த நாக்கு அவனுடையது. இந்த வரிசையில் இதன் உண்மையான சுவை அறிந்தவன் அவன் ஒருவனே. தன் புட்டியில் எது இல்லையென்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தானோ அது இப்போது ஒரு முழ தூரத்தில் மணந்தது. அவன் கண்கள் புட்டியின் கழுத்தைவிட்டு அகலவில்லை.

பந்தியில் அமர்ந்தவனை விட்டுப் பரிமாறுதல் இம்மண்ணில் பொறுக்கப்படாத குற்றம். பகைவனாயினும் இலைமுன் அமர்ந்துவிட்டால் விருந்தினன். ஒருவனைத் தாண்டிச் செல்லும் கரண்டிக்கு என்ன கதி நேரும் என்று அறநூல்கள் அஞ்ச அஞ்சச் சொல்லியிருக்கின்றன. பள்ளியில் அவற்றை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள் பிரிசில்லா. கல்லூரியில் மாணவர்களுக்கு அவள் முதலில் கற்பிக்கும் விதியும் அதுவே: வரிசையில் ஒருவரையும் தாண்டாதே. அவள் எல்லாம் அறிந்தவளாகவே அவன் குவளைக்கு நேராக வந்தாள். புட்டியைச் சற்றுச் சாய்த்தாள். கழுத்தின் விளிம்புவரை பொன்னிறம் வந்து நின்றது.

அவள் புட்டியை நிமிர்த்தி, மூடியைத் திருகி, மேசையில் வைத்தாள். சர்பத் கூஜாவை எடுத்துக்கொண்டு ஓர் எட்டு நகர்ந்தாள்.

"உங்களுக்கு இன்னும் கொஞ்சம், பாய்?"

ஆபித் பாஷா ரெனால்டின் காலிக் குவளையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாழ்நாளில் எத்தனையோ விருந்துகளில் அமர்ந்தவர். நடந்தது இன்னதென்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஊத்தும்மா," என்றார் தாழ்ந்த குரலில். அவள் விளிம்புவரை ஊற்றினாள்.

ரெனால்ட் எழுந்தான். நாற்காலி தரையில் தேய்ந்தது. ஷாஜின் தண்ணீரை மூன்றாம் முறையாகக் குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, படியிறங்கிப் போனான். அவன் காலடியோசை பீப்பாய்களின் ஓசையில் கரைந்தது. போகிறவனை எவரும் அழைக்கவில்லை.

விருந்தினர் புறப்பட்ட பிறகு சுப்பராயன் தட்டோடு வந்தார். ஒவ்வொன்றாய்க் குவளைகளை எடுத்து அடுக்கியவர், மூன்றாவதைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதையும் கழுவணுமாம்மா?"

"வேணாண்ணா," என்றாள் பிரிசில்லா, தன் புட்டியைத் துணியில் சுற்றியபடி. "அதுல ஒண்ணும் படல. அப்படியே எடுத்து வெச்சுடுங்க."